பிளஸ் டூ முதல் கல்லூரி வாசல் வரை: ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா எழுதுவது

நாங்கள் ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறோம். கணவருக்குக் காபி எஸ்டேட்டில் வேலை. நான் அங்கன்வாடிப் பணியாளர். மகள் 2023-இல் பிளஸ் டூ முடித்தாள், மகன் 2025-இல் முடித்தான். இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி.

மகளின் முறை வந்தபோது எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. எந்தச் சான்றிதழ் எப்போது வாங்க வேண்டும், எந்த இணையதளத்தில் எதற்கு விண்ணப்பம், யாரிடம் பணம் கட்டலாம், யாரிடம் கட்டக் கூடாது, ஒன்றும் தெரியாது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய், "இந்தத் தாள் செல்லாது, வேற வாங்கிட்டு வாங்க" என்று கேட்டு, மறுபடி மலை ஏறி வந்த நாட்கள் அந்த மே, ஜூனில் பத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. அந்தப் பிள்ளையின் முகம்தான் எனக்கு மறக்கவில்லை. நல்ல மதிப்பெண் எடுத்தும் அவளுக்குச் சந்தோஷப்பட நேரமில்லாமல் போய்விட்டது.

மகன் முறையில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். படிப்பது அவன் வேலை. காகிதமும் தேதியும் எங்கள் வேலை. எந்தப் படிப்பு என்று முடிவு செய்வது அவன், கூட உட்கார்ந்து யோசிப்பது நாங்கள். இதை வைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சேலம் நகரத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. ஜூன், ஜூலை: பெயரைச் சரிபாருங்கள்

பிள்ளை பிளஸ் டூ வகுப்புக்குள் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பாயில் பரப்பி வையுங்கள். பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? அப்பா பெயர் முழுதாக இருக்கிறதா, ஓர் எழுத்தா? பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றுதானா?

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்குத் தகுந்தபடி மாற்றுங்கள். அதுதான் சுலபம். ஆதாரில் பெயர் திருத்த, 2025 அக்டோபரிலிருந்து 75 ரூபாய். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே தவறு இருந்தால் பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு எழுத வேண்டும். அது மாதக் கணக்கில் ஆகும், அதனால்தான் ஜூனிலேயே பார்க்கச் சொல்கிறேன்.

பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் பள்ளியின் எமிஸ் (மாணவர் விவரங்களை வைத்திருக்கும் கல்வித்துறை இணையதளம்) பதிவிலிருந்து தயாராகிறது. பள்ளியில் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அந்த அன்று பிள்ளையை மட்டும் விடாதீர்கள், நீங்களும் போங்கள். தமிழ் எழுத்துக்கூட்டல், ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டையும் பாருங்கள். எமிஸ் எண்ணையும் அங்கேயே எழுதி வாங்கி வந்துவிடுங்கள், பின்னால் பல இடத்தில் கேட்பார்கள்.

2. சான்றிதழ்கள்: எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நாங்கள் அதிகம் தடுமாறியது இங்கேதான்.

வருவாய்த்துறைச் சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் இப்போது இ-சேவை மையத்தில்தான் விண்ணப்பம். ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். முதலில் கேன் எண் (விண்ணப்பிப்பவருக்கு இ-சேவையில் தரும் தனி அடையாள எண்) பதிவு செய்வார்கள். அந்தப் பதிவில் போடும் போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும், மையத்தில் இருப்பவருடையதாக இருக்கக் கூடாது. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மேலே போகும். எங்காவது நின்றுவிட்டால் தகவல் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

*சாதிச் சான்றிதழ்.* ஒரு முறை வாங்கினால் போதும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் அலுவலக அளவிலேயே முடியும். ஏற்காடு வட்டத்தில் இருப்பவர்களுக்கு இங்கேயே வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது, இதற்காகச் சேலம் இறங்க வேண்டியதில்லை. பழையபடி கையால் எழுதிய அட்டை வைத்திருந்தால், டிஜிட்டல் கையெழுத்து உள்ள புதிய சான்றிதழாக இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் மலையில் பலர் மலையாளி பழங்குடியினர். அவர்களுக்குச் சான்றிதழ் தருவது வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணை நடக்கும், பெற்றோரின் சான்றிதழ், உறவினரின் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். இதற்கு மே மாதத்தில் போய் நின்றால் கல்லூரி திறந்த பிறகுதான் கையில் கிடைக்கும். பிளஸ் ஒன்னிலேயே விண்ணப்பித்துவிடுங்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன், அவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

*முதல் பட்டதாரிச் சான்றிதழ்.* தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாரும் பட்டம் வாங்காத வீட்டுக்கு, கல்விக் கட்டணத்தில் சலுகை பெற. இதற்குக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்பதற்குச் சான்று கேட்பார்கள். படிக்காதவர்களுக்கு உறுதிமொழி எழுதித் தர வேண்டும். நவம்பர், டிசம்பரில் அலுவலகத்தில் கூட்டம் இருக்காது, அப்போது வாங்குங்கள். இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை இந்தச் சலுகையை வாங்கிவிட்டால் அடுத்த பிள்ளைக்குக் கிடையாது. அப்புறம், கலந்தாய்வு வழியாகக் கிடைத்த இடத்துக்குத்தான் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நேராகத் தரும் இடத்தில் சேர்ந்தால் சான்றிதழ் கையில் இருந்தும் பயனில்லை.

*வருமானச் சான்றிதழ்.* இதை அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஒரு வருடம்தான் செல்லும். மகளுக்கு நாங்கள் செப்டம்பரிலேயே வாங்கிவிட்டோம். அடுத்த வருடம் உதவித்தொகைக்கு எழுதும்போது காலாவதி ஆகியிருந்தது, திரும்ப வாங்கினோம். ஏப்ரல், மே மாதத்தில் வாங்குவதுதான் சரி.

*மத்திய அரசுக்கான ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ்.* ஐ.ஐ.டி., என்.ஐ.டி., நீட் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு மட்டும். நம்முடைய சாதிச் சான்றிதழ் அங்கே போதாது, இது தனி. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கலந்தாய்வுக்கு அந்த வருடம் ஏப்ரல் 1 முதல் வாங்கியதைத்தான் ஏற்கிறார்கள்.

*இருப்பிடச் சான்றிதழ்.* எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் இது தேவையில்லை. தேவையில்லாததற்கு 60 ரூபாயும் ஒரு நாளும் போக வேண்டாம்.

*அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று.* ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றும் அரசே ஏற்கிறது. இது பெரிய உதவி, விட்டுவிடாதீர்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் எந்த வருடம் படித்தான் என்ற விவரம் வேண்டும். தலைமையாசிரியரிடம் பிப்ரவரியிலேயே சொல்லி வையுங்கள்.

எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. ரேஷன் கார்டில் ஒரு முகவரி, ஆதாரில் வேறு முகவரி என்று இருந்தால் கிராம நிர்வாக அலுவலர் கேள்வி கேட்பார். எஸ்டேட் அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்தக் கடிதம்தான் கைகொடுத்தது.

3. ஒரு போன் எண், ஒரு மின்னஞ்சல்

மகளுக்கு விண்ணப்பம் போட்டபோது எங்களிடம் மின்னஞ்சல் முகவரி இல்லை. விண்ணப்பம் போட்டுத் தந்த பிரவுசிங் சென்டரில் அவர்களுடைய முகவரியையே போட்டுவிட்டார்கள், போன் எண்ணும் அவர்களுடையதுதான். கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். பிறகு ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவர்களையே தேடிப் போக வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தது, அன்று மாலை 5 மணிக்குள் ஒரு பதிவை முடிக்க வேண்டும். அன்று பட்ட பதற்றத்தை இன்னொரு தாய் படக் கூடாது.

பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் உருவாக்குங்கள். ரீசார்ஜ் விட்டுப்போகாத ஒரே போன் எண்ணை எல்லா விண்ணப்பத்துக்கும் கொடுங்கள். அடுத்த செப்டம்பர் வரை அந்த சிம் மாறக் கூடாது. மலைக் கிராமங்களில் சிக்னல் விட்டு விட்டு வரும். எங்கள் வீட்டில் வராது, மேல்மேட்டுக் கோயில் அருகே வரும். உங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிற்கிறது என்று முன்பே பார்த்து அந்த எண்ணைக் கொடுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், விண்ணப்ப எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அதை வீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள்.

4. தேர்வு மாதங்களில் வீடு

இதில் நான் நிபுணர் கிடையாது, செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

மகன் பிளஸ் டூ படித்த வருடம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டில் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. அரையாண்டுத் தேர்வு நேரம். அவன் பயந்தது மழைக்கு இல்லை, "மத்தவங்க எல்லாம் படிச்சிட்டிருப்பாங்கம்மா" என்பதற்குத்தான். அன்றிலிருந்து வீட்டில் எந்தப் பிள்ளையோடும் ஒப்பிட்டுப் பேசுவதை நிறுத்தினோம். சொந்தக்காரர்கள் போன் செய்து மதிப்பெண் கேட்டால் நானே பேசி வைத்துவிடுவேன்.

காபிப் பழம் பறிக்கும் காலமும் நவம்பர், டிசம்பர், ஜனவரிதான். வழக்கமாக வீட்டில் எல்லாரும் கைகொடுப்போம். அந்த வருடம் மகனை விட்டுவிட்டோம். வருமானம் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் இரவு 10 மணிக்குப் படுத்து விடியற்காலை எழுந்து படிக்க அவனுக்கு உடம்பில் தெம்பு இருந்தது.

செய்முறைத் தேர்வைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது பிப்ரவரியில் வரும். இயற்பியல், வேதியியல் மாதிரியான பாடங்களில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்தான். மீதி 30-இல் செய்முறை 20, அகமதிப்பீடு 10. ரெக்கார்டு நோட்டு முழுமையாக இருந்து ஒழுங்காகப் பள்ளிக்குப் போயிருந்தாலே அதில் பெரும்பகுதி கிடைக்கும்.

பொதுத்தேர்வு காலை 10 மணிக்கு. முதல் 10 நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த 5 நிமிடம் விவரம் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. தேர்வு மையம் வேறு ஊரில் இருந்தால் ஒரு நாள் முன்பே அந்தப் பேருந்தில் போய் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது என்று உங்களுக்கே தெரியும்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். 104, 14416 இரண்டும் இலவச எண்கள், தமிழிலேயே பேசுவார்கள். ரிசல்ட் நாளுக்கு முன்பே இந்த எண்களைப் பிள்ளையின் போனில் பதிந்து வையுங்கள்.

5. எந்தப் படிப்புக்கு எந்த விண்ணப்பம்

ஒரு விண்ணப்பம் போட்டால் எல்லாவற்றுக்கும் போட்ட மாதிரி என்று மகள் முறையில் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை, ஒவ்வொன்றும் தனி.

பொறியியலுக்கு டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை). ஒரே விண்ணப்பம்தான், மாநிலத்தின் அரசு, உதவி பெறும், தனியார் பொறியியல் கல்லூரிகள் எல்லாம் அதில் வந்துவிடும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 250. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளம். விண்ணப்பம் 48, பதிவு 2, ஆக 50 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2 ரூபாய் மட்டும். தனியார் கலைக் கல்லூரிகளில் அந்தந்தக் கல்லூரியில் தனித்தனியாக.

வேளாண்மைக்குக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவத்துக்குச் சென்னை கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம் மாதிரியான படிப்புகளுக்கு மருத்துவத் தேர்வுக் குழு. இவை எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான், நீட் வேண்டாம். உயிரியல் படித்த பிள்ளைகள் நீட் சரியில்லை என்றதும் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த மூன்றையும் அந்தந்த அறிவிப்பு வந்ததுமே போட்டு வைக்கலாம்.

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்.ஸுக்கு நீட். விண்ணப்பம் தேர்வுக்குச் சில மாதம் முன்பே வந்துவிடும், தேர்வு மே தொடக்கத்தில். 2025-இல் மே 4. கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700, ஓ.பி.சி.க்கு 1,600, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1,000. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு இன்னும் முன்னால், ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று.

எதைப் படிப்பது என்றே தெரியாத பிள்ளைக்கு, நான் முதல்வன் திட்டத்தில் "கல்லூரிக் கனவு" என்று மாவட்டம்தோறும் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். பள்ளியில் கேட்டு அனுப்பி வையுங்கள். என் மகன் அங்கே போய் வந்த பிறகுதான் மெக்கானிக்கல் என்று சொல்ல ஆரம்பித்தான். அதுவரை கம்ப்யூட்டர் என்று சொன்னது சுற்றி இருந்தவர்கள் பேச்சைக் கேட்டு.

6. ரிசல்ட் வந்த வாரம்

2025-இல் ரிசல்ட் மே 8-இல் வந்தது. பொறியியல் பதிவு அதற்கு முந்தின நாளே, மே 7-இல் திறந்து ஜூன் 6-இல் முடிந்தது. அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பமும் மே 7-இல்தான் ஆரம்பித்தது, ஆனால் மே மாதத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. தேதிகள் வருடத்துக்கு வருடம் சில நாள் மாறும், இந்த வரிசை மாறுவதில்லை.

முதலில் தற்காலிக மதிப்பெண் சான்றிதழை இணையத்தில் எடுத்துப் பள்ளியில் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழையும் அப்போதே வாங்கிவிடுங்கள். மாற்றுச் சான்றிதழில் சாதி, பிறந்த தேதி சரியா என்று பள்ளி வாசலிலேயே நின்று பாருங்கள். எல்லாவற்றையும் ஐந்து பிரதி எடுங்கள். ஸ்கேன் செய்து போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் கட்-ஆஃப் கணக்கு 200-க்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதம் 80, இயற்பியல் 70, வேதியியல் 76 என்றால் 80, 35, 38, ஆக 153. கலைக் கல்லூரியில் பெரும்பாலான படிப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம் நீங்கலாக நான்கு பாட மதிப்பெண், 400-க்கு.

மதிப்பெண் எதிர்பார்த்ததை விடக் குறைந்தால் முதலில் விடைத்தாள் நகல் கேளுங்கள். நகல் வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீட்டுக்குப் போட முடியும். மகளுக்கு நகல் ஒரு பாடத்துக்கு 275 ரூபாய் ஆனது, மறுமதிப்பீடு 505. நகல் கேட்க ரிசல்ட்டுக்குப் பிறகு சில நாள்தான் அவகாசம் தருகிறார்கள். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் கூடும் என்று அவர் சொன்னால் மட்டும் அடுத்த பணத்தைக் கட்டுங்கள்.

ஒரு பாடம் போய்விட்டால் அந்த வருடமே போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு உண்டு. அதில் தேறினால் பொறியியல் துணைக் கலந்தாய்வுக்கும் போகலாம், கலைக் கல்லூரியில் காலியிடத்துக்கும் முயலலாம். "உயர்வுக்குப் படி" என்று முகாம் நடத்துகிறார்கள், எங்கும் சேராத பிள்ளைகளுக்காகவே. பள்ளியில் விசாரியுங்கள்.

விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டர்தான் வேண்டும் என்றில்லை. பொறியியலுக்கு உதவி மையங்கள் இருக்கின்றன, கருப்பூரில் உள்ள அரசு பொறியியல் கல்லூரி அதில் ஒன்று. மகனுக்கு அங்கேதான் போட்டோம், பதிவுக் கட்டணம் தவிர ஒரு ரூபாய் செலவில்லை. ஏற்காட்டுப் பேருந்தில் சேலம் வந்து, அங்கிருந்து வேறு பேருந்தில் கருப்பூர். காலையில் முதல் பேருந்தில் இறங்கினால் மதியத்துக்குள் முடித்துவிட்டு ஏறிவிடலாம்.

7. பணம் கேட்டு வரும் போன்கள்

ரிசல்ட் வந்த அன்றே போன்கள் வர ஆரம்பிக்கும். நம் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று எனக்கு இன்றும் தெரியாது. "உங்க பொண்ணுக்கு சீட் வெச்சிருக்கோம், இன்னும் ரெண்டுதான் பாக்கி, அட்வான்ஸ் கட்டிடுங்க" என்பார்கள்.

மகளுக்கு அப்படி ஒரு தனியார் கல்லூரியில் 10,000 ரூபாய் கட்டினோம். அசல் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். பிறகுதான் மொத்தக் கட்டணம், பேருந்து, பயிற்சிக் கட்டணம் என்று ஒரு தாள் தந்தார்கள். எங்களால் முடியாது என்று தெரிந்தது. சான்றிதழைத் திரும்ப வாங்க 19 நாள், நான்கு முறை போனோம். பணத்தில் பாதிதான் வந்தது. அதற்குள் பொறியியல் கலந்தாய்வுச் சரிபார்ப்பு முடிந்துவிட்டது.

எனவே இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு முடிவதற்கு முன் எந்தத் தனியார் கல்லூரிக்கும் அசல் சான்றிதழ் தராதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழு விதி, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதியும் அதுதான். இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கல்லூரி முத்திரையோடு ரசீது வாங்குங்கள். ஏஜென்டிடம் கையில் பணம் தரவே வேண்டாம். அரசுப் பள்ளி 7.5 சதவீதத்துக்குத் தகுதி உள்ள பிள்ளையை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் அந்தச் சலுகை முழுவதும் கைவிட்டுப் போகும்.

8. விருப்பப் பட்டியல்

பொறியியல் தரவரிசைப் பட்டியல் 2025-இல் ஜூன் 27-இல் வந்தது, பொதுக் கலந்தாய்வு ஜூலை 14-இல் ஆரம்பித்தது. தரவரிசையில் உங்கள் பிள்ளையின் பெயர், சாதிப் பிரிவு, 7.5 பிரிவு சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் சொல்ல சில நாள்தான் தருகிறார்கள்.

கலந்தாய்வு மூன்று சுற்று. உங்கள் சுற்று வந்ததும் கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்த்து வரிசையாகப் பதிய வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, நம் மதிப்பெண்ணுக்கு முதலில் எது கிடைக்கிறதோ அதைத் தரும். அதனால் கிடைக்குமா, கிடைக்காதா என்று பார்க்காமல், மிகவும் பிடித்ததை முதலில் போடுங்கள். நிறையப் பேர் "கிடைக்கிறதை" முதலில் போட்டு நல்ல இடத்தை இழக்கிறார்கள். போக விருப்பமே இல்லாத கல்லூரியைப் பட்டியலில் போடாதீர்கள், அதுவே வந்து நிற்கும்.

நாங்கள் ஜூன் மாதமே ஒரு நோட்டில் பட்டியல் தயாரித்தோம். முந்தைய வருடங்களில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்தச் சாதிப் பிரிவில் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பது இணையத்தில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. மகன் எழுதினான், கணவர் பேருந்து, விடுதி விவரம் விசாரித்தார். மூன்று கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்தோம். வாசலில் இருக்கும் பேனரைப் பார்க்காதீர்கள், இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் பேசுங்கள். ஒர்க்‌ஷாப்பில் மிஷின் ஓடுகிறதா, சாப்பாடு எப்படி, என்னென்ன பெயரில் பணம் கேட்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் நேராகச் சொல்லிவிடுவார்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான். அப்போது கேட்பது இதுதான்: இந்த இடத்தை ஏற்றுச் சேர்கிறீர்களா? ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பம் காலியானால் அதற்கும் காத்திருக்கிறீர்களா? இது வேண்டாம், மேலே உள்ளது வந்தால் மட்டும் போதுமா? அடுத்த சுற்றுக்குப் போகிறீர்களா? அல்லது விலகுகிறீர்களா? இரண்டாவதைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம். கையில் ஒன்று இருக்கும், மேலே போகவும் வழி இருக்கும். எதையும் அழுத்தாமல் விட்டுவிட்டால் இடம் போய்விடும். அந்த இரண்டு நாளும் சிக்னல் உள்ள இடத்திலேயே இருங்கள். நாங்கள் சேலத்தில் என் நாத்தனார் வீட்டில் தங்கிவிட்டோம்.

9. கலைக் கல்லூரியில் ஒரு இடம்

ஜூனிலேயே கலைக் கல்லூரிச் சேர்க்கை முடிகிறது, பொறியியல் கலந்தாய்வு ஜூலையில்தான் தொடங்குகிறது. இடையில் என்ன செய்வது என்று எல்லாரும் குழம்புகிறார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. கட்டணம் சில ஆயிரத்துக்குள்தான். பொறியியல் கிடைத்தால் மாற்றுச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம்.

சேலத்தில் செர்ரி ரோட்டில் அரசுக் கலைக் கல்லூரி, கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரி. கோரிமேடு எங்கள் ஏற்காட்டுப் பேருந்து வழியிலேயே வருகிறது. என் மகள் அங்கேதான் கணிதம் படிக்கிறாள். பொறியியல் கைவிட்டுப் போனதே என்று ஒரு மாதம் அழுதவள், இப்போது எம்.எஸ்சி., பி.எட். என்று பேசுகிறாள். அரசுக் கலைக் கல்லூரிக்கான கலந்தாய்வு அந்தக் கல்லூரியிலேயே நேரில் நடக்கும். அசல், பிரதிகள், புகைப்படம், பணம் எல்லாம் அன்றே கொண்டு போக வேண்டும். அழைப்பு போனில்தான் வரும். அன்று போகாவிட்டால் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

10. கடன்

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம். 4 லட்சம் வரை நம் கைப்பணம் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியின் கட்டண விவரம், அங்கே படிப்பதற்கான உறுதிச் சான்று (போனஃபைட்) மூன்றும் கையில் வந்த அன்றே போடுங்கள். கிளை மேலாளர் வாயால் "முடியாது" என்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

11. சேர்ந்த பிறகு

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான், அதற்கென ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருப்பார். முதல் வாரத்திலேயே அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும். பள்ளியில் சின்ன வயதில் தொடங்கிய கணக்கு பல பேருக்கு முடங்கிக் கிடக்கும். 18 வயது ஆனதும் வங்கியில் புதிதாகக் கையெழுத்து, புகைப்படம் கொடுத்து மாற்ற வேண்டும். மகளின் முதல் மூன்று மாதப் பணம் வராமல் இருந்ததற்கு இதுதான் காரணம். மகனுக்கு ஜூனிலேயே முடித்துவிட்டோம், பணம் ஒழுங்காக வருகிறது.